பதினேழு

மேலூரிலிருந்து அழகர்கோவில் போகிற சாலையில்
கிடாரிப்பட்டி விலக்குக்கு முன்னால்
இடப்பக்கம் நிற்கிறது
எங்கள் அலுவலகக் கணக்கின்படி
மாசியிலேயே வெட்டப்பட்டுவிட்ட வாகை.

நான்தான் அளந்தேன்.
நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றி
ஏழடி இரண்டங்குலம் என்பேன்.
மொக்கராசு பட்டையைச் செதுக்கி
வெள்ளை அடித்து, மேலே கறுப்பில் எண் போடுவார்.
சுற்றளவில் கால் பங்கு, அதன் வர்க்கம்,
நீளத்தால் பெருக்கினால் கன அடி.
இந்தச் சூத்திரம் படித்த நாளிலிருந்து
சொல்லக் கூடாது,
பேருந்தில் முன்னால் நிற்பவர் இடுப்பைக்கூட
மனசு நாலால் வகுக்கிறது.

இலை ஒன்றில்லாத தை மாதம்.
கிளை நிறைய நெற்று.
காற்று வந்தால்
ஆயிரம் பேர் ஒரே நேரத்தில்
விண்ணப்பப் படிவம் புரட்டுகிற சத்தம்.
கோட்ட அலுவலகத்திலிருந்து போன்:
பட்டியல் எங்கேம்மா?
இந்தா முடியப் போகுது சார்.
ஒரு காதில் அவர், மறு காதில் நெற்று.
அடுத்து என்ன நம்பர், என்றார் மொக்கராசு.
பதினேழு என்றேன்.
முடித்து, டப்பாவோடு நடந்து போய்
அடுத்து, என்றார்.
பதினேழு என்றேன்.

தூரிகை ஒரு நொடி நின்றதா?
நின்ற மாதிரித்தான் இருக்கிறது.
பிறகு போட்டார், முந்தையதைவிட அழகாக.

காகிதத்தில் நாற்பத்தொன்று,
சாலையில் நாற்பத்திரண்டு.

ஏலம் காசிம் ராவுத்தருக்கு.
மரச்செக்கு எண்ணெய்க்கு ஊரே அலைகிற காலம்,
உரலுக்கு வாகை மாதிரி வராது என்பார்.
பேருக்கேத்தபடி வாகை சூடியாச்சும்மா,
சலான் கட்டிவிட்டுச் சிரித்தார்.
ஒன்பது நாள் ரம்பம்.
தூள் ஏறி ஆட்கள் அடுக்கடுக்காய்த் தும்ம
வெளியே வெளுத்து, உள்ளே
கருப்பட்டியை உடைத்த நிறத்தில்
வரிசையாய்க் கிடந்தன.

பத்தாம் நாள் அவரே கூப்பிட்டார்.
நாப்பத்தொண்ணுக்குத்தான் பணம் கட்டிருக்கேன்,
இன்னொண்ணு நிக்குது,
அதுலயும் பதினேழுன்னு இருக்கு.
கணக்கில் வராத குச்சி ஒண்ணு எனக்கு ஹராம்.

கோப்பில் பதினேழு
அகற்றப்பட்டது, தொகை வரவு, முத்திரை.
கண்காணிப்பாளர் கோமதிநாயகம்
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி,
வெட்டின மரத்தை
எப்படிம்மா வெட்டச் சொல்றது, என்றார்.
பதினேழு 'அ' என்று போடலாமா என்றேன்.
எனக்கு வந்தது
விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை.

தார் அதன் காலடிவரை வந்து நின்றது.
சாலை அங்கே மட்டும்
வயிற்றை எக்கிக்கொண்டு போகிறது.
லாரிக்காரர்கள் என் அம்மாவைப் பெயர் தெரியாமல் திட்டுகிறார்கள்.
பங்குனியில் ஒரு பையனின் பைக் கண்ணாடி
அதில் மோதித் தெறித்தது. பையனுக்கு ஒன்றுமில்லை.
ஆனாலும் அன்று இரவு நான் சாப்பிடவில்லை.
மறுநாள் என் காசில் வாங்கிய
சிவப்பு ரிஃப்ளெக்டர்
இப்போது எண்ணுக்குக் கீழே ஒட்டியிருக்கிறது.

அழகர் மலையிறங்கிய வாரம்
வேலை முடிந்து ஸ்கூட்டியில் வந்தேன்.
மரத்துக்கு முன்பே வாசனை வந்தது,
ஹெல்மெட்டுக்குள்.
பிறகு ஹெட்லைட்டில் பூ:
பவுடர் பஞ்சு போல, பச்சையா மஞ்சளா
முடிவு செய்யாத நிறத்தில்,
கிளைக்குக் கிளை.

பாலத்துச் சுவரில் மொக்கராசு
துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.
என்ன எழுதப் போறீங்கம்மா?
கவனக்குறைவுன்னுதான்.
யாரோடதுன்னு எழுதுவீங்க?
நான் பேசவில்லை.
எனக்கு அன்னைக்கு எண்ணத் தெரியாமப் போகலம்மா,
என்று சொல்லிவிட்டு
தோளில் விழுந்த பூவை ஊதித் தள்ளினார்.

வண்டியைக் கிளப்பினேன்.
விளக்கம் தர
இன்னும் மூன்று நாள் இருக்கிறது.